இயா பள்ளத்தாக்கில் கடைசி பஸ்: ஜப்பானின் கிராமப் பக்கம் தனியாகப் போகிறவர்களுக்கு

ஜப்பான் போய் வந்தவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது, ரயில் நிமிடம் தவறாமல் வரும் என்பதைத்தான். உண்மை. ஆனால் அவர்கள் போனது டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா. அங்கே ஒரு ரயிலை விட்டால் ஐந்து நிமிடத்தில் அடுத்தது வந்து நிற்கும். ஷிகோகு தீவின் நடுவில், டோகுஷிமா மாகாணத்து மலைகளுக்குள் இருக்கும் இயா பள்ளத்தாக்கிலும் பஸ் நிமிடம் தவறாமல்தான் வரும். ஆனால் ஒரு நாளைக்குச் சில தடவை மட்டுமே வரும். கடைசி பஸ்ஸை விட்டால் மறுநாள் காலைதான். 2025 நவம்பர் 3, திங்கட்கிழமை சாயங்காலம் நான் அதை விட்டேன். டாக்ஸிக்கு 11,480 யென், தங்காமலே பணம் கட்டிய ஓட்டல் அறைக்கு 6,500, லாக்கருக்குக் கூடுதலாக 600. மொத்தம் 18,580 யென், நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல். கூடவே ஒன்றரை நாள். இதில் ஒரு யென்கூட போயிருக்க வேண்டியதில்லை. அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த நாலைந்து விஷயம் எனக்குத் தெரியாததால் போன பணம் அது.

முதலில் வழி. இயாவுக்குப் பக்கத்து ரயில் நிலையம் ஓபோகே. ஒகாயாமாவில் 'நன்பு' எக்ஸ்பிரஸ் ஏறினால் சுமார் 1 மணி 50 நிமிடம். 1988-ல் திறந்த சேத்தோ பெரும்பாலத்தின் கீழ்த்தட்டில் ரயில் கடலைக் கடக்கும், தலைக்கு மேலே கார்கள் ஓடிக்கொண்டிருக்கும். நான் போனது தகாமாட்சுவிலிருந்து. டோகுஷிமாவுக்குள் நுழைந்ததும் தண்டவாளத்துக்கு மேலே கம்பி இருக்காது. ஜப்பானின் 47 மாகாணங்களில் மின்சார ரயில் இல்லாத ஒரே மாகாணம் அது. டீசல் இன்ஜின் உறுமிக்கொண்டு மலை ஏறும். சுரங்கம், ஒரு கணம் வெளிச்சம், மறுபடி சுரங்கம். அந்த ஒரு கணத்தில் கீழே யோஷினோ ஆறு தெரியும். பாசிப்பச்சைத் தண்ணீர், இரண்டு பக்கமும் சரிந்து நிற்கும் வெளுத்த பாறை. ஓபோகே என்ற பெயருக்கே 'பெரிய அடி வைத்தால் ஆபத்து' என்றுதான் ஊரார் பொருள் சொல்வார்கள். முந்தின ஸ்டேஷன் கொபோகே. அதற்கு, சின்ன அடி வைத்தாலும் ஆபத்து. எனக்கு இரண்டு ஊரிலும் சறுக்கியது.

முதல் சறுக்கல் தகாமாட்சு கேட்டிலேயே நடந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. டோக்கியோவில் வாங்கிய, பணம் ஏற்றிவைத்து டிக்கெட்டுக்குப் பதில் கேட்டில் தட்டும் சூய்கா கார்டைத் தட்டினேன், கேட் திறந்தது. உள்ளே விட்டால் வெளியிலும் விடும் என்றுதானே நினைப்போம்? இந்த மாதிரி கார்டுகள் ஷிகோகுவில் தகாமாட்சுவைச் சுற்றி ககாவா மாகாணத்தில் உள்ள சில ஸ்டேஷன்களில் மட்டும்தான் செல்லும். மலைப்பக்கம் தட்டுவதற்குக் கருவியே கிடையாது. அப்படித் தட்டி ஏறிவிட்டால், நடத்துனரிடம் முழுக் கட்டணத்தையும் பணமாகக் கொடுக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் என்றால் சாதாரணக் கட்டணம் தனி, எக்ஸ்பிரஸ் சீட்டு தனி. எனக்கு இரண்டும் சேர்ந்து 3,000 யென்னுக்குக் கொஞ்சம் மேல். அது எப்படியும் கொடுக்க வேண்டிய பணம், நஷ்டத்தில் சேராது. வினை என்னவென்றால், கார்டுக்குள் 'இவர் தகாமாட்சுவில் உள்ளே போனார், இன்னும் வெளியே வரவில்லை' என்று பதிவு நின்றுவிடும். அதை அழிக்கும்வரை அந்தக் கார்டு வேறெந்த கேட்டையும் திறக்காது. நடத்துனர் அதற்காக ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுப்பார். பார்த்தால் குப்பைக் காகிதம் மாதிரி இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கார்டு செல்லும் ஸ்டேஷனுக்குத் திரும்பியதும் அதைக் காட்டினால்தான் பூட்டைத் திறப்பார்கள். ஷிகோகுவில் மலைப்பக்கம் போவதென்றால் கார்டைப் பைக்குள் வைத்துவிட்டு கவுன்டரில் காகித டிக்கெட் வாங்குவதே நிம்மதி.

நடத்துனரிடம் கொடுத்ததும் கையிலிருந்த சில்லறை நோட்டெல்லாம் கரைந்தது. மிச்சம் 10,000 யென் நோட்டுகளும் நூற்றிச் சொச்சம் யென்னுக்கு நாணயமும்தான். ஜப்பானின் கிராமத்தில் 10,000 யென் நோட்டு பணமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் உண்டியலில் உள்ள சில்லறை இயந்திரம் 1,000 யென் நோட்டை மட்டும்தான் மாற்றிக் கொடுக்கும். டிரைவரிடம் 10,000-க்குச் சில்லறை இருக்காது. தெருவோரக் குளிர்பான இயந்திரங்களும் பெரும்பாலும் 1,000-க்கு மேல் விழுங்காது. அதிலும் ஒரு வில்லங்கம். 2024 ஜூலை 3-ல் ஜப்பான் புது நோட்டுகள் வெளியிட்டது. பழைய இயந்திரங்கள் பல புது 1,000 யென் நோட்டை உள்ளே இழுத்து, யோசித்து, வெளியே துப்பிவிடும். ஆகவே பழைய நோட்டு கையில் வந்தால் செலவழிக்காமல் தனியே வையுங்கள். அதில் மருத்துவர் நொகுச்சியின் படம் இருக்கும், புதியதில் மருத்துவர் கிதாசாத்தோ. வெளிநாட்டுக் கார்டுக்குப் பணம் தருவது முக்கியமாக செவன்-இலெவன் கடை ஏ.டி.எம்.மும் தபால் நிலைய ஏ.டி.எம்.மும். தபால் நிலையத்து இயந்திரம் ராத்திரியெல்லாம் திறந்திருக்காது, கிராமத்தில் இன்னும் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள். நகரத்திலேயே 20,000 எடுத்து, அதே கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிச் சில்லறையாக்கிக்கொள்வது நல்லது. 100 யென் பாட்டிலுக்கு 10,000 நீட்டினாலும் அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. என் கணக்கு இப்போது இது: ஒருவர் இரண்டு நாள் இயாவில் சுற்ற 1,000 யென் நோட்டு பத்து, 100 யென் நாணயம் பதினைந்து, 10 யென் நாணயம் பத்து. தங்கும் வீட்டுக்குக் கொடுக்கப் பெரிய நோட்டு தனியாக.

இனி அந்த பஸ் கதை. ஓபோகேயில் இறங்கியபோது மணி மூன்றரை. டிக்கெட் கேட் எதுவும் இல்லாத சின்ன ஸ்டேஷன். இயாவில் காட்டுக் கொடியில் பின்னிய தொங்குபாலம் ஒன்று உண்டு, பிளாட்பாரத்தில் அந்தக் கொடிப்பாலத்தின் குட்டி மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். நிறுத்தத்தில் அட்டவணை தெளிவாக ஒட்டியிருந்தது, இரண்டு பத்தியாக. திங்கட்கிழமைதானே என்று வாரநாள் பத்தியைப் பார்த்தேன். நாற்பது நிமிடம் இருந்தது. ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேரம் வந்தது, பஸ் வரவில்லை. ஜப்பானில் பஸ் ஐந்து நிமிடம் தாமதமானாலே ஏதோ தப்பு என்று அர்த்தம். நான் இருபத்தைந்து நிமிடம் நின்றேன். பக்கத்துக் கடையை மூடிக்கொண்டிருந்த பாட்டியம்மா என்னையும் அட்டவணையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, 'க்யோ, க்யூஜித்சு' என்றார். இன்றைக்கு விடுமுறை. நவம்பர் 3 அங்கே பண்பாட்டு நாள், அரசு விடுமுறை. நான் பார்க்க வேண்டியது அடுத்த பத்தி. அதில் கடைசி பஸ், நான் வந்து இறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே போயிருந்தது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஜப்பானிய எழுத்து ஒன்றும் தெரியாதவருக்கும் உதவும். அட்டவணைத் தலைப்பில் இரண்டு எழுத்தை மட்டும் அடையாளம் வைத்துக்கொண்டால் போதும். நடுவில் குறுக்குக் கோடு போட்ட செங்குத்துச் செவ்வகம், இரண்டு தட்டு ஜன்னல் மாதிரி இருப்பது 'நாள்' என்ற எழுத்து. அது வாரநாள் பத்தியிலும் வரும், விடுமுறைப் பத்தியிலும் வரும், அதை வைத்து ஏமாறாதீர்கள். கூட்டல் குறி போட்டு அதன் காலடியில் ஒரு படுக்கைக்கோடு இழுத்தது போல் இருப்பது சனிக்கிழமைக்கான எழுத்து. அந்தக் கூட்டல் குறி இருக்கும் பத்திதான் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை. திங்கட்கிழமை என்று கைப்பேசி காட்டினாலும் அன்று அரசு விடுமுறையா என்று பார்த்த பிறகே எந்தப் பத்தி என்று முடிவு செய்ய வேண்டும். இலையுதிர் காலத்தில் நவம்பர் 3, 23 இரண்டும் விடுமுறை. விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் அடுத்த நாள் ஈடு விடுமுறை. 2025-ல் 23-ம் தேதி ஞாயிறு, அதனால் 24 திங்களும் விடுமுறையானது. ஏப்ரல் கடைசி முதல் மே 5 வரை விடுமுறைகள் வரிசையாக வரும். இன்னொன்று, அட்டவணையில் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன வட்டம், முக்கோணம், நட்சத்திரம் ஏதாவது இருந்தால் அந்த பஸ் எல்லா நாளும் ஓடாது, அல்லது பாதி வழியோடு திரும்பிவிடும் என்று பொருள். பள்ளிக்கூடம் உள்ள நாள் மட்டும் ஓடுவதும் உண்டு, பனிக்காலத்தில் நிற்பதும் உண்டு. வரைபடச் செயலி ரயிலைச் சரியாகச் சொல்லும், மலை பஸ் விஷயத்தில் அதை நம்பக் கூடாது. பஸ் நிறுவனத் தளத்தில் உள்ள அட்டவணையை இறக்கி, தங்கும் வீட்டுக்காரருக்கு அனுப்பி, 'இந்தத் தேதியில் இந்த பஸ் உண்டா' என்று கேட்டுவிடுவதுதான் வழி. பதில் ஒரே நாளில் வந்துவிடும்.

நவம்பர் ஆரம்பத்தில் அங்கே சூரியன் மறைவது ஐந்து மணி சுமாருக்கு. ஆனால் பள்ளத்தாக்கில் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது, நாலு மணிக்கே வெயில் எதிர்மலை உச்சிக்கு ஏறிவிடும். ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் ஒரு தாலாட்டு மாதிரி மெட்டு ஒலித்தது. பேரிடர் எச்சரிக்கைக்காக வைத்த ஒலிபெருக்கிகள் அவை. வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்குத்தான் ஊருக்கு ஊர் தினமும் ஒரு மெட்டு போடுகிறார்கள், பிள்ளைகள் வீடு திரும்பவும் அதுதான் மணி. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில், ஆள் நடமாட்டமில்லாத ஸ்டேஷன் வாசலில் நிற்கும்போது, மலைகளுக்கு நடுவில் எங்கிருந்தோ அது கேட்டபோது வயிறு கலங்கியது. இந்தப் பக்கத்து மலையில் குழந்தை மாதிரி அழும் கிழவன் ஒருவனைப் பற்றிக் கதை உண்டு. பரிதாபப்பட்டுத் தூக்கினால் கல்லாகக் கனப்பானாம், கீழே இறக்கவும் முடியாதாம். அதைப் படித்துவிட்டு வந்திருக்கக் கூடாது.

தங்கும் வீட்டுக்கு போன் போடலாம் என்றால் என் கைப்பேசியில் இருந்தது இன்டர்நெட் மட்டும் உள்ள இ-சிம். மலிவாகக் கிடைக்கும் சுற்றுலா இ-சிம் பெரும்பாலும் இந்த வகைதான். அதில் உள்ளூர்த் தொலைபேசிக்குப் பேச முடியாது. டாக்ஸியைக் கூப்பிட முடியாது. அதைவிட முக்கியம், போலீஸ் 110, தீயணைப்பும் ஆம்புலன்ஸும் 119, இவற்றையும் அந்த சிம்மில் அழைக்க முடியாது. ஊரிலிருந்து கிளம்பும்போதே நம் சிம்மில் ரோமிங்கைத் திறந்து வைத்திருங்கள். ஒரு நிமிடத்துக்கு நூறு ரூபாய் ஆனாலும் ஆபத்துக்கு அதுதான் கை கொடுக்கும். இல்லாவிட்டால் பச்சை நிறப் பொதுத் தொலைபேசி. அது 10 யென், 100 யென் நாணயம் ஏற்கும். 100 போட்டால் மீதி வராது, ஆகவே 10 யென்களாகப் போட வேண்டும். 110, 119 இரண்டுக்கும் காசே வேண்டாம். எனக்கு எல்லாவற்றையும் அந்தப் பாட்டியம்மாவே செய்துவிட்டார். முகவரி காட்டினேன். மறுபடி கடையைத் திறந்து, விளக்கைப் போட்டு, தங்கும் வீட்டுக்கும் டாக்ஸிக்கும் பேசினார். கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டி எவ்வளவு தரட்டும் என்று கேட்டபோது, கொசுவை விரட்டுவது போல் கையை ஆட்டினார். அவ்வளவுதான்.

டாக்ஸி வந்தால் கதவைத் தொடாதீர்கள், இடது பின்கதவை டிரைவரே உள்ளிருந்து திறப்பார், அவரே மூடுவார். நாம் பிடித்து இழுத்தால் அவர் முகம் மாறும். டிப்ஸ் கிடையாது, கொடுத்தால் திருப்பித் தருவார்கள். கிராமத்து டாக்ஸி ரோட்டில் சுற்றாது, போன் போட்டால்தான் வரும். சாயங்காலத்துக்கு மேல் ஒன்றோ இரண்டோ வண்டிதான் இருக்கும். நான் தங்கவிருந்தது மேல் இயாவில், வளைந்து வளைந்து முப்பது கிலோமீட்டர். இருட்டில் மீட்டர் மட்டும்தான் தெரிந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் அது ஒரு துள்ளல் துள்ளியபோது எனக்கு ஏற்பட்ட வலியை எழுதி மாளாது. பஸ்ஸில் போயிருந்தால் இதில் ஏழில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது. ஒரு யோசனை. பஸ் போய்விட்டதென்று நாலு மணிக்கு முன்பே தெரிந்தால், முதலில் தங்கும் வீட்டுக்குத்தான் சொல்ல வேண்டும். சில வீடுகளில் அவர்களே ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டு வருவார்கள், முன்பதிவின்போதே கேட்டால் இன்னும் நல்லது. நான் தங்கவிருந்த வீட்டின் உரிமையாளரும் வந்திருப்பார். ஆனால் ஆறு மணிக்குச் சாப்பாடு, அடுப்பில் கை வைத்துவிட்டார்.

அந்தச் சாப்பாட்டு நேரம் சின்ன விஷயமில்லை. மின்ஷுகு என்பது குடும்பம் நடத்தும் தங்கும் வீடு. கட்டணம் அறைக்கு அல்ல, தலைக்கு, இரண்டு வேளைச் சாப்பாட்டோடு. ஐந்து மணிக்குள் வந்துவிட வேண்டும், ஆறுக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பரிமாறுவார்கள். தாமதம் என்றால் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விட்டால் மலைப்பாதையில் என்ன ஆனதோ என்று தேடக் கிளம்பிவிடுவார்கள். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மீனும் இறைச்சியும் வேண்டாம் என்று சொன்னால் போதாது. தாஷி என்ற சாறுதான் அங்கே எல்லாச் சமையலுக்கும் அடிப்படை, அது பெரும்பாலும் உலர்ந்த சூரை மீன் சீவலில் காய்ச்சியது. மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த கீரை, இனிப்பு முட்டை எல்லாவற்றிலும் இருக்கும். கடைசி நிமிடத்தில் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் காலையிலேயே ஒரு பானை தாஷி வைத்துவிட்டிருப்பார்கள். ஒரு வாரம் முன்பே எழுதிவிடுங்கள். வாயால் சொல்ல: 'நிக்கு, சகானா, தாஷி மோ தாபேராரெமாசென்'. கூடவே 'கொம்பு தாஷி வா தாய்ஜோபு' என்றும் சேர்த்துவிட்டால், கடற்பாசிச் சாறு பரவாயில்லை என்று புரிந்துகொண்டு அதில் சமைத்துத் தருவார்கள். நான் 'வெஜிடேரியன்' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டதால், ஏழு கிண்ணம் வைத்த தட்டில் சோறு, ஊறுகாய், கல்லு மாதிரி கெட்டியான இயா டோஃபு, நெருப்பில் வாட்டிய உருளைக்கிழங்கு, இவ்வளவுதான் எனக்குச் சரிப்பட்டது. மறுநாள் சாலையோரக் கடையில் டோஃபு, உருளை, கொன்யாக்கு மூன்றையும் மூங்கில் குச்சியில் கோத்து மிசோ தடவிச் சுட்டுத் தந்தார்கள். மிசோ கலவையில் தாஷி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொன்யாக்கு எதில் செய்வது என்று தேடிப் பார்த்தேன். நம் சேனைக்கிழங்கின் சொந்தக்காரக் கிழங்கு! பார்க்க ரப்பர் துண்டு மாதிரி, மெல்லவும் அப்படித்தான்.

குளியலறைக்கு ஒரு பத்தி தந்தாக வேண்டும், பலர் அவமானப்படும் இடம் அது. தொட்டியில் இருக்கும் வெந்நீர் வீட்டில் அன்று தங்கும் எல்லோருக்கும் ஒரே தண்ணீர். வெளியே சின்ன முக்காலியில் உட்கார்ந்து, ஷவரில் சோப்பு போட்டுச் சுத்தமாக அலசிவிட்டு, கடைசியில்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். சோப்பு நுரை ஒரு துளியும் உள்ளே போகக் கூடாது, துண்டை நனைக்கக் கூடாது. குளித்து வெளியே ஏறியதும் அடைப்பானைப் பிடுங்கிவிடாதீர்கள். நம் வழக்கத்தில் அதுதான் மரியாதை, அங்கே அது அடுத்த நாலு பேரின் குளியலைக் கெடுப்பது. மடிப்பு மூடியை மறுபடி விரித்து மூடிவிட்டு வர வேண்டும், சூடு ஆறாமல் இருக்க. செருப்பு வாசலோடு, வீட்டுச் செருப்பு தாழ்வாரம் வரை, பாய் விரித்த அறைக்குள் வெறுங்காலோடு, கழிவறைக்குள் அங்கேயே இருக்கும் வேறு செருப்பு. அந்தக் கழிவறைச் செருப்போடு தாழ்வாரத்துக்கு வந்துவிடாத வெளிநாட்டுக்காரர் இல்லை, நானும் வந்தேன்.

காலையில் ஜன்னலைத் திறந்தபோதுதான் எந்த ஊரில் இருக்கிறேன் என்றே தெரிந்தது. பள்ளத்தாக்கு என்கிறார்களே, சமதளமே கிடையாது. எதிர்ச்சரிவில் ஒச்சியாய் கிராமம். மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் உயர வித்தியாசம் 390 மீட்டர். நடுவில் கல் அடுக்கிய சுவர்களும், ஏணி சாத்தின மாதிரி வயல்களும். படிக்கட்டு வயல் இல்லை, சரிவை அப்படியே உழுகிறார்கள், சில இடத்தில் 40 டிகிரி வரை. மழை பெய்தால் மண் மொத்தமும் ஆற்றுக்குப் போகாதா? அதற்குத்தான் வயலோரத்தில் கூம்புக் கூம்பாகப் புல் குவித்து வைத்திருந்தார்கள். இலையுதிர் காலத்தில் உயரமான புல்லை அறுத்துக் கட்டி, குளிர் முழுக்கக் காயவிட்டு, வசந்தத்தில் நறுக்கி வயலில் பரப்புவார்கள். மண்ணைப் பிடித்து நிறுத்தும், ஈரம் காக்கும், பிறகு மக்கி எருவாகும். அதையும் மீறிச் சரிந்த மண்ணை வருஷா வருஷம் கீழேயிருந்து மேலே இழுத்துப் போடுகிறார்கள். முதுகு வளைந்த ஒரு அம்மா சரிவில் குறுக்காக நின்று, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, மேல்நோக்கி மண்ணை இழுத்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் பார்த்தேன், இரண்டு கை அகலம் நகர்ந்திருந்தார். விளைவது கோதுமை வகை, தினை, உருளை, நூடுல்ஸுக்கான பக்வீட் தானியம். இந்தச் சரிவு விவசாயம் 2018-ல் உலக முக்கியத்துவமுள்ள வேளாண் மரபாக அங்கீகரிக்கப்பட்டது. ஒரு வேண்டுகோள்: படம் எடுக்க வயலுக்குள் இறங்காதீர்கள். ஒரு காலடியில் நாம் உருட்டிவிடும் மண்ணை அவர் மறுபடி இழுக்க வேண்டும்.

கொடிப்பாலத்துக்கு முதல் நாள் சாயங்காலமே போக வேண்டியவன், பஸ் போனதால் அதை மறுநாளுக்குத் தள்ளினேன், மறுநாள் கணக்கு அதற்கடுத்த நாளுக்குத் தள்ளியது, தகாமாட்சு அறை வீணானது அப்படித்தான். தங்கும் அன்றைக்கே ரத்து செய்தால் முழுப் பணமும் போகும், இந்த மாதிரி ஊருக்குப் போகும்போது அடுத்த இரவின் அறையை ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் எடுங்கள், 500 யென் கூடினாலும். பாலம் 45 மீட்டர் நீளம், தண்ணீருக்கு 14 மீட்டர் மேலே, காட்டுக் கொடியில் பின்னியது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை புதிதாகப் பின்னுகிறார்கள், உள்ளே இரும்புக் கம்பியும் உண்டு, ஆகவே அறுந்து விழும் பயம் வேண்டாம். 1185-ல் போரில் தோற்ற ஹெய்கே குலத்தார் இந்த மலைக்குள் ஒளிந்து, எதிரி வந்தால் வெட்டிவிடக் கொடியில் பாலம் கட்டினார்கள் என்று ஊர்க்கதை. பயப்பட வேண்டியது காலடிக்கு. குறுக்குக் கட்டைகளின் இடைவெளியில் பாதம் முழுதாக இறங்கிவிடும். ரப்பர் செருப்போடு வந்தவர்கள் அழாத குறை. கைப்பேசியைக் கழுத்தில் கயிறு போட்டு மாட்டுங்கள், இல்லையென்றால் ஆற்றுக்கு தானம். ஒருவழிப் பாதை, பாதியில் திரும்ப முடியாது. காலை முதல் ஒரு மணி நேரம் கூட்டம் இருக்காது, பேருந்துக் கூட்டம் பத்து மணிக்கு மேல் வந்து இறங்கும்.

இன்னும் மேலே போனால் நகோரோ. அங்கே மனிதர்களைவிட பொம்மைகள் அதிகம். ஊரைவிட்டுப் போனவர்கள், இறந்தவர்கள் நினைவாக ஆளுயரத் துணிப் பொம்மை செய்து வயலிலும் திண்ணையிலும் பஸ் நிறுத்தத்திலும் உட்கார வைத்திருக்கிறார்கள். 2012-ல் மூடிய பள்ளிக்கூடத்து வகுப்பறையில் பொம்மை மாணவர்களும் பொம்மை ஆசிரியரும். நிறுத்தத்தில் மூன்று பேர் காத்திருப்பதைப் பார்த்து, அப்பாடா, பஸ் இருக்கிறது என்று நானும் போய் வரிசையில் நின்றேன். அவர்கள் மூவருக்கும் அவசரமில்லை.

அதற்குள் பஸ் ஏறும் முறை பழகிவிட்டது. பின்கதவில் ஏறியதும் ஒரு பெட்டி சின்னச் சீட்டு நீட்டும், அதில் எண் இருக்கும். அதற்குப் பெயர் சேய்ரிகென். எடுக்க மறந்தால் வண்டி கிளம்பிய இடத்திலிருந்து முழுக் கட்டணம் கேட்கலாம். முன்பக்கப் பலகையில் எண்ணுக்கு நேராகக் கட்டணம் ஏறிக்கொண்டே வரும். நம் எண்ணுக்கு நேரே இருப்பதுதான் நம் கட்டணம். இறங்குமுன் பொத்தானை அழுத்தி, வண்டி நின்ற பிறகு எழுந்தால் போதும், ஓடும்போது எழுந்தால் டிரைவர் கோபிப்பார். உண்டியல் மீதி தராது. அதில் இரண்டு வாய் இருக்கும், ஒன்று சில்லறை மாற்ற, ஒன்று கட்டணம் போட. 1,000 யென் நோட்டை மாற்றும் வாயில் விட்டால் நாணயமாகக் கொட்டும். அதை எண்ணிச் சரியான தொகையைச் சீட்டோடு சேர்த்து மற்ற வாயில் போட வேண்டும். அவசரத்தில் 500 யென் நாணயத்தைக் கட்டண வாயில் போட்டவர் ஒருவர், பாக்கிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். டிரைவர் தலை குனிந்து வருத்தம் சொன்னார், பாக்கி வரவில்லை.

திரும்பும்போது கொபோகேயில் இறங்கி ஆற்றோரம் ஒரு மணி நேரம் நடக்கலாம் என்று உள்ளூர் ரயில் ஏறினேன். அன்று இரண்டு பெட்டி. நான் இரண்டாவதில் உட்கார்ந்தேன், காலியாக இருந்ததே என்று. கொபோகே வந்தது, ரயில் நின்றது, கதவு திறக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன், கண்ணாடியைத் தட்டினேன், ரயில் கிளம்பிவிட்டது. டிரைவர் மட்டும் இருக்கும் ரயில்களில், ஆளில்லா ஸ்டேஷனில் முதல் பெட்டியின் கதவு மட்டும்தான் திறக்கும். அதிலும் பின்கதவில் ஏற வேண்டும், முன்கதவில் டிரைவருக்குப் பக்கத்தில் உள்ள உண்டியலில் போட்டுவிட்டு இறங்க வேண்டும். பஸ் மாதிரியேதான். ஏறியதும் முதல் பெட்டிக்கு நடந்து டிரைவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை, முன்கண்ணாடி வழியே சுரங்கம் விரிவதையும் பார்க்கலாம். நான் ஆவா-கவகுச்சியில் இறங்கி, 'தனுகி' என்ற ரக்கூன் நாயின் சிலைகள் உள்ள ஸ்டேஷனில் அடுத்த வண்டிக்கு ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தேன். ஆற்றோர நடை அதோடு போயிற்று.

தகாமாட்சுவில் கவுன்டர் பெண்ணிடம் அந்தத் துண்டுச்சீட்டையும் கார்டையும் நீட்டினேன். ஈரத்தில் ஊறி மடிப்பில் கிழிந்திருந்தது. இரண்டு கையாலும் வாங்கி, மேசையில் வைத்து நீவி, எழுத்தைப் படித்தார். கருவியில் கார்டை வைத்து இரண்டு தட்டு, அரை நிமிடம்கூட ஆகவில்லை. பூட்டு திறந்தது. லாக்கருக்குப் போனால், இரண்டு நாள் என்று நினைத்து வைத்த பெட்டிக்கு மூன்றாவது நாள் கணக்கு ஓடியிருந்தது. அங்கே 24 மணி நேரம் என்பதில்லை, ராத்திரி தாண்டினால் ஒரு நாள். மூன்று நாளைத் தாண்டினால் பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிடுவார்கள், பிறகு ஆளைத் தேடிப் போய் வாங்க வேண்டும். திரையில் 600 என்று எரிந்தது, 100 யென் நாணயம் மட்டும் என்று படம் போட்டிருந்தது. சட்டைப்பையில் பதினொன்று இருந்தது.